உறைந்த ஏரியில் ஒரு பகல்: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய் கட்டிதட்டிவிடும். அம்மா அதை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்பார். கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்த எனக்கு, உறைவது என்றால் இவ்வளவு காலமாக அதுதான். போன பிப்ரவரியில் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் நண்பர்கள் ஐந்து பேராக லடாக் போய், உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின் மேல் அரை நாள் நடந்துவிட்டு வந்தோம். திரும்பியதிலிருந்து டீக்கடையிலும், கல்யாண வீடுகளிலும், வாட்ஸ்அப்பிலும் ஒரே மாதிரிக் கேள்விகள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி யாராவது ஒருவர் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன். அழகைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். உயிரோடு திரும்புவது பற்றித்தான் அதிகம் இருக்கும்.

நம்ம ஊர் ஏரி ஏன் உறைவதில்லை? ஓசூரிலும் தளியிலும் அவ்வளவு குளிர்கிறதே?

குளிர்கிறது, ஆனால் அந்தக் குளிர் போதாது. ஓசூர், தளிப் பக்கம் மார்கழி விடியலில் 12, 13 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும். அதுவும் ஒரு ராத்திரி இறங்கினால் ஆகாது, நாள்கணக்கில் கீழேயே இருக்க வேண்டும். ஊட்டியில் புல் மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியைப் பார்த்திருப்பீர்கள். புல் மெல்லியது, அதனால் ஒரே இரவில் சூட்டை இழந்துவிடும். ஏரி அப்படியில்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அடிவரைக்கும் சேர்த்து வைத்திருக்கும்.

தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. குளிரக் குளிர அது கனத்துக் கீழே இறங்கும். ஆனால் 4 டிகிரி வரைதான் அப்படி. அதைவிடவும் குளிர்ந்தால் மறுபடி லேசாகி மேலேயே நின்றுவிடும். ஆகவே நல்ல தண்ணீர் ஏரி உறைய வேண்டுமானால் முதலில் மொத்தத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வர வேண்டும், பிறகு மேல்பரப்பு மட்டும் 0 டிகிரிக்குப் போக வேண்டும். அதனால்தான் பனிக்கட்டி மேலே மூடி போட்ட மாதிரி நிற்கிறது, அதன் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. இதை மனதில் நன்றாகப் பதியவைத்துக்கொள்ளுங்கள். உறைந்த ஏரி கல்தரை ஆகாது. ஒரு தட்டின் மேல் நிற்கிறீர்கள், தட்டுக்குக் கீழே ஏரி அப்படியே இருக்கிறது.

எந்த ஏரிக்குப் போகலாம்? பாங்காங் மட்டும்தானா?

இல்லை. சிக்கிமில் கேங்டாக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சோம்கோ ஏரி இருக்கிறது. 12,300 அடி உயரம், குளிர்காலத்தில் உறையும். அருணாசலப் பிரதேசத்தில் தவாங் போகும் வழியில் சேலா கணவாயை ஒட்டி ஓர் ஏரி உண்டு, அதுவும் உறையும். ஸ்ரீநகரின் தால் ஏரி எல்லா வருடமும் ஒரே மாதிரி உறைவதில்லை. டிசம்பர் 21ல் தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிரை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள். குளிர் மிஞ்சும் வருடங்களில் அந்த நாட்களில்தான் தால் இறுகும். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி பதிவானது. அப்போது ஏரி உறைந்ததும் ஆட்கள் மேலே ஏறி நடந்தார்கள், ஏறாதீர்கள் என்று நிர்வாகம் எச்சரிக்க வேண்டியிருந்தது. தால் பனி மெல்லியது. கரையில் நின்று பாருங்கள், கால் வைக்க வேண்டாம்.

நாங்கள் பாங்காங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஜனவரி, பிப்ரவரியில் அது நிச்சயமாக உறைந்திருக்கும். சுமார் 134 கிலோமீட்டர் நீளம், 4,225 மீட்டர் உயரம். நீளத்தில் பெரும்பகுதி சீன எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஆழம் 300 அடிக்கு மேல் என்கிறார்கள். நம் கிருஷ்ணகிரி அணையின் முழு மட்டமே 52 அடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது புரியும். 2023 பிப்ரவரி 20 அன்று இந்த ஏரிப் பனியின் மேலேயே 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்திக் கின்னஸ் பட்டியலில் இடம்பிடித்தார்கள். அதைக் காட்டித்தான் எங்கள் வீட்டாரைச் சம்மதிக்க வைத்தோம். ஆனால் அந்த ஓட்டத்துக்கு முன்னால் பனியைச் சோதித்துப் பாதை குறித்திருந்தார்கள். நமக்கு யாரும் பாதை குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

44ஆம் நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தானே போகிறது? வண்டியிலேயே போய்விடலாமா?

தொப்பூரிலும் காவேரிப்பட்டணத்திலும் நாம் தினம் பார்க்கும் அதே சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. எனக்கும் அது பெரிய ஆசை. ஆனால் குளிர்காலத்தில் வேண்டாம். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் முக்கிய ஊரான லே போகும் வழியில் சோஜி லா கணவாய் பனியால் மூடிக்கொள்ளும், எப்போது திறப்பார்கள் என்று நம்பித் திட்டம் போட முடியாது. மணாலி வழியும் அப்படித்தான். அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்தார்கள் என்றாலும் அது லாஹௌல் வரைக்கும்தான் கொண்டுபோய்விடும், அதற்கப்பாலுள்ள கணவாய்கள் மூடித்தான் இருக்கும். லேக்கு விமானம் ஒன்றுதான் வழி.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது என்பது நமக்குத் தெரியும். தருமபுரிக்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் பெங்களூருக்கு ரயில் இருக்கிறது. நாங்கள் ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் போய், தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து தில்லி, அங்கிருந்து விடியற்காலை விமானத்தில் லே போய்ச் சேர்ந்தோம். தில்லி மூடுபனியாலும் லேயின் வானிலையாலும் விமானம் ரத்தாவது சாதாரணம். திரும்பும் நாளுக்குப் பின் 2 நாளாவது கையில் லீவு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு ஓசூரில் நிற்க வேண்டும் என்று டிக்கெட் போட்டு வராதீர்கள்.

லேயில் இறங்கிய மறுநாளே ஏரிக்குப் போகலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே 3,500 மீட்டர். விமானத்தில் போனால் சில மணி நேரத்தில் அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு அது தெரியாது. ஏரி இன்னும் மேலே. ஏரிக்குப் போகும் சாங் லா கணவாய் 17,500 அடிக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

நாங்கள் முதலில் பேசிய பயண ஏற்பாட்டாளர் இறங்கிய மறுநாளே பாங்காங் என்று திட்டம் அனுப்பினார். 'எல்லாரும் அப்படித்தான் சார் போறாங்க' என்றார். எங்களில் ஒருவனுக்கு ராணுவத்தில் இருந்த மாமா உண்டு. அவரிடம் கேட்டதும் திட்டினார். உயரமான இடத்துக்குப் போனால் முதல் இரண்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டும், அதுதான் ராணுவத்திலேயே விதி என்றார். ஏற்பாட்டாளரை மாற்றினோம்.

அப்படியும் தப்பு நடந்தது. இறங்கிய அன்று மாலையே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று, எங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவன், தினம் அணைக்கட்டு ரோட்டில் ஓடுகிறவன், சாந்தி ஸ்தூபியின் 500 படிகளையும் ஏறிவிட்டான். ராத்திரி தலைவலி, வாந்தி. படுத்தால் தூக்கமில்லை. மறுநாள் மருத்துவமனையில் பிராணவாயு வைத்துப் படுக்கவைத்தார்கள். உடம்பு பலத்துக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர் சொன்னார். பலசாலிகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்களாம், அடங்கி இருக்க மாட்டார்கள் என்பதால். அவனுக்காக ஒரு நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள்தான் ஏரிக்குப் போனோம்.

தலைவலி, குமட்டல், சோர்வு மட்டும் இருந்தால் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் சளி கொரகொரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அது வேறு. உடனே கீழே இறக்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உயர நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரையை எல்லாரும் சொல்வார்கள். ஊரிலேயே உங்கள் மருத்துவரைக் கேட்டு, சல்பா வகை மருந்துகள் ஒவ்வாமை தருவதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும் போடுங்கள்.

பனி தாங்குமா என்று எப்படித் தெரியும்?

நன்னீர் ஏரியில், கண்ணாடி மாதிரித் தெளிவாக, நீலமோ கருமையோ கலந்து தெரியும் கெட்டிப்பனி குறைந்தது 4 அங்குலம் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது குளிர்நாடுகளில் உள்ள பொது விதி. வெள்ளையாக, நுரைத்த மாதிரி இருக்கும் பனிக்குப் பலம் அதில் பாதிதான், அதனால் இரட்டிப்புக் கனம் வேண்டும். சாம்பல் நிறமாகச் சொதசொதவென்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பாங்காங் தண்ணீர் வெளியேற வழியில்லாத ஏரி, ஆகவே உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரின் பனி நல்ல தண்ணீர்ப் பனியைவிட பலம் குறைந்தது. இதைப் பலர் சொல்வதில்லை. 4 அங்குலக் கணக்கை அங்கே அப்படியே நம்பிவிடக் கூடாது.

இந்த அங்குலக் கணக்குகளுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. ஏரியின் எல்லா இடமும் ஒரே கனம் இருக்காது. ஓடை வந்து சேரும் வாய், ஊற்றுக் கண், பாறையைச் சுற்றிய இடம், கரையோர வெடிப்பு, காற்று ஓயாமல் அடிக்கும் முனை, இங்கெல்லாம் பனி மெல்லியதாக இருக்கும். மேலே பொடிப்பனி மூடியிருந்தால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. நாங்கள் நின்ற இடத்துக்கு 200 அடி தள்ளி ஓர் ஓடை வாய் இருந்தது. அங்கே பனி இன்னும் பளபளப்பாக இருந்தது, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று எங்களில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பன் நடந்தான். வண்டி ஓட்டிவந்த லடாக்கி அண்ணன் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டான். அந்த அண்ணன் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நின்ற இடத்திலிருந்தே, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வா என்று கையைக் காட்டினார். பிறகு ஒரு கல்லை எடுத்து ஓடை வாய்ப் பக்கம் எறிந்தார். கல் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. எங்கள் ஐந்து பேருக்கும் பேச்சு வரவில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல்காரர் 'இன்னைக்கு வேணாங்க' என்றால் நாம் வாதாடுவதில்லை. மேலே ஆறு அமைதியாகத்தான் தெரியும். எங்கே சுழல், எங்கே பாறை என்பது அவருக்குத்தான் தெரியும். உறைந்த ஏரியிலும் அந்த ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். அவர் இல்லாவிட்டால் கரையிலேயே நில்லுங்கள். ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பது சான்று ஆகாது. அந்தப் பத்துப் பேரும் நம்மைப் போல வந்தவர்களாக இருக்கலாம்.

2022 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் வுட்ஸ் கேன்யன் ஏரியில் அப்படித்தான் நடந்தது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போன இந்திய வம்சாவளியினர் மூன்று பேர் உறைந்த ஏரியின் மேல் நடந்தபோது பனி உடைந்து விழுந்து இறந்தார்கள். அவர்களும் வெயில் ஊரிலிருந்து பனி பார்க்கப் போனவர்கள்தான். அந்தச் செய்தியை நான் மறக்கவே இல்லை.

உடைந்து உள்ளே விழுந்துவிட்டால்?

நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது. நம் கிணற்றுத் தண்ணீரில் குதிப்பது வேறு. 0 டிகிரித் தண்ணீர் பட்டதும் மூச்சு தன்னால் இழுக்கும், அடக்கவே முடியாது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுத்துவிடுவோம். அதனால் முதல் 1 நிமிடம் வாயை மேலே வைத்து மூச்சைச் சமாளிப்பது மட்டும்தான் வேலை. அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். குளிர்நாட்டுக்காரர்கள் 1, 10, 1 என்று இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

வந்த திசைக்குத் திரும்புங்கள். அதுவரைக்கும் உங்களைத் தாங்கிய பனி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முழங்கைகளைப் பனிமேல் ஊன்றி, காலை மீன் மாதிரி அடித்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, வயிற்றால் மேலே நழுவி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டு உருண்டு விலகிக் கரைக்கு வர வேண்டும். நின்றால் மறுபடி உடையும்.

கூட இருப்பவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. நட்பு அதைத்தான் சொல்லும், ஆனால் இருவரும் போய்விடுவீர்கள். படுத்துக்கொண்டு கயிறோ, மஃப்ளரோ, கழியோ நீட்டுங்கள். நாங்கள் 30 அடி நைலான் கயிறு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோனோம், நம் வீட்டில் வாளி இறைக்கும் கயிறுதான். நல்லவேளை, அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. மேலே வந்தவரின் ஈரத்துணியைக் கழற்றிக் காய்ந்த கம்பளியால் சுற்றுங்கள், நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். மது கொடுக்கக் கூடாது, உள்சூட்டை அது வெளியே தள்ளிவிடும். கைகாலைத் தேய்க்கக் கூடாது. மரத்து வெளுத்துப்போன விரலை நெருப்பில் காட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாததால் வெந்தாலும் தெரியாது.

என்ன துணி எடுத்துப்போக வேண்டும்?

பருத்தி வேண்டாம். நாம் உடம்போடு ஒட்டிப் போடும் பனியனும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம்தான் குளிரை உள்ளே கொண்டுவரும். உள்ளே தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜெர்கின். ஒரே ஒரு பெரிய கோட்டைவிட இப்படி மூன்று அடுக்கு நல்லது, ஏனென்றால் நடுவில் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. காலுறை இரண்டு போட்டால் ஷூ இறுகக் கூடாது. இறுகினால் ரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் போகும். கைக்கு உள்ளே மெல்லிய உறை, வெளியே தடித்த உறை. படம் எடுக்க வெளியுறையைக் கழற்றினால் உள்ளுறை இருக்கும். காதை மூடும் குல்லா. ஓசூரில் வாங்கும் மார்கழிக் குல்லா போதாது, லே கடைத்தெருவில் கிடைக்கும் கம்பளிக் குல்லாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

கருப்புக் கண்ணாடி அழகுக்காகச் சொல்லவில்லை. பனி சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். இரண்டு மணி நேரம் வெறும் கண்ணோடு நின்றால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி எரியும், பார்வை மங்கும். உதட்டுக்கு நம் வீட்டு நெய்யே போதும். நாங்கள் அதைத்தான் தடவினோம்.

ஏரிக்குள்ளிருந்து சத்தம் வருமாமே, நிஜமா?

நிஜம். எங்கள் ஐவருக்கும் மனதில் நிற்பது அந்தச் சத்தம்தான். காலை பதினொன்றரைக்கு வெயில் ஏறிய நேரம், எங்கோ தூரத்தில் தொடங்கி, காலுக்கடியில் ஓடி, மறுகரை மலைக்குப் போய்ச் சேர்ந்தது. இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினால் வருமே, அந்த 'ட்யூங்'. அடுத்து அடியிலிருந்து பெரிய தவில் அடி மாதிரி ஒரு முழக்கம். முதல் தடவை கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் கரைக்கு ஓடினோம். ஓட்டுநர் அண்ணன்தான் கூப்பிட்டு நிறுத்தினார்.

பனிக்கட்டி வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். மைல்கணக்கில் ஒரே பாளமாகக் கிடப்பதால் விரிய இடம் இல்லாமல் எங்காவது கீறும். அந்தக் கீறலின் அதிர்வு பனித்தட்டு வழியாக ஓடுகிறது. கூர்மையான ஓசை முதலிலும் தடித்த ஓசை பிறகும் வந்து சேர்வதால்தான் அப்படிச் சுண்டிய கம்பி மாதிரி இறங்கி ஒலிக்கிறது. கெட்டியான பனியும் இப்படிப் பேசும். அதனால் சத்தம் வந்தாலே உடையப் போகிறது என்று பொருள் இல்லை. சத்தமே இல்லாத இடம் பத்திரம் என்றும் பொருள் இல்லை. காலுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிப்பு ஓடுவதைக் கண்டாலோ, தண்ணீர் மேலே கசிந்தாலோ திரும்பிவிட வேண்டும்.

பனியின் மேல் படுத்துக் கையால் கண்ணை மறைத்து உள்ளே பார்த்தோம். வெள்ளைக் குமிழ்கள் காசு அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நின்றிருந்தன. அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கருமை. நண்பர்களில் அதிகம் பேசுகிறவன் அன்று அரை மணி நேரம் பேசவே இல்லை.

சாப்பாடு?

தண்ணீர் லேயின் உயரத்தில் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் அரிசி வேகாது, பிரஷர் குக்கர் வேண்டும். நாங்கள் கேழ்வரகு மாவு கொண்டுபோயிருந்தோம். லேயில் தங்கிய வீட்டு அம்மாவிடம் அடுப்பு கேட்டுக் களி கிளறினோம். மாவு வெந்து பக்குவத்துக்கு வர ஊரைவிட நேரம் அதிகம் பிடித்தது. அவர்களும் பார்லி மாவில் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று செய்வார்களாம், எங்கள் உருண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார். பதிலுக்கு வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்தார், 'குர்குர் சா' என்று பெயர். முதல் வாயில் பிடிக்காது, மூன்றாவது வாயில் உடம்பு கேட்கும்.

ஏரிக்குப் போகும்போது பையில் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், தட்டுவடை போதும். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வையுங்கள். தாகம் எடுக்காது, ஆனாலும் குடித்துக்கொண்டே இருங்கள். ஒரு மிட்டாய்த் தாளைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் குளிரில் எதுவும் மக்காது. பனி உருகினால் நேரே ஏரிக்குள்தான் போகும்.

போன், கேமரா?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. கூட்டத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். ஏரிப் பக்கம் அதையும் நம்ப வேண்டாம். வீட்டில் 'நாளைக்கு ராத்திரிதான் பேசுவேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நம் வீட்டுப் பெண்கள் அனாவசியமாகத் தவித்துப் போவார்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், போனை உள்சட்டைப் பையில் உடம்போடு வைக்கவும். அது எல்லைப் பகுதி, ராணுவ முகாம்களைப் படம் எடுக்கக் கூடாது. அனுமதிச் சீட்டு விதிகள் அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

ஏரிக்கரையிலேயே ராத்திரி தங்கலாமா?

நாங்கள் தங்கவில்லை, தங்கச் சொல்லவும் மாட்டேன். பிப்ரவரி ராத்திரி மைனஸ் 20க்கும் கீழே போகும். 4,225 மீட்டரில் தூங்குவது பகலில் நிற்பதைவிட உடம்புக்குக் கடினம். விடியலில் லேயிலிருந்து கிளம்பினால் 5 மணி நேரத்தில் ஏரி, சில மணி நேரம் இருந்துவிட்டு இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டித் திரும்பிவிடலாம். எங்கே தங்கினாலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். ஜன்னலில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். மற்றவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான். பனி பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசையானால் ஸ்ரீநகருக்குக் கூட்டிப்போங்கள். அது 1,600 மீட்டருக்கும் குறைவு, மூச்சுக்குப் பயமில்லை.

அந்த ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது?

'ஜூலே' என்ற ஒரு சொல் போதும். வணக்கம், நன்றி, போய்வருகிறேன், மூன்றும் அதுதான். அண்ணனுக்கு 'ஆச்சோ', மரியாதைக்கு 'லே' சேர்த்து 'ஆச்சோ-லே'. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசி வளர்ந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சொல் நாக்கில் சீக்கிரம் ஒட்டும். ஓட்டுநர் அண்ணனை அப்படிக் கூப்பிட்ட பிறகுதான் அவர் பனியைப் பற்றி எங்களுக்குச் சொல்லவே ஆரம்பித்தார். சின்ன வயதில் குளத்துப் பனியில் சறுக்கி ஹாக்கி ஆடியது, எந்த மாதத்தில் எந்தக் கரையை நம்பலாம் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது, முன்னே மாதிரி இப்போது பனி இறுகுவதில்லை என்பது, எல்லாம்.

அவ்வளவு தூரம் முடியாது. நம் பக்கத்திலேயே குளிர்காலத்தில் ஏரிக்கரையில் ஒரு நாள் கழிக்க முடியாதா?

தாராளமாக. மார்கழி, தை மாதத்தில் தளிக்குப் போங்கள். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்த ஊர். ஓசூரிலிருந்து பஸ் இருக்கிறது. ஆறரை மணிக்குள் ஏரிக்கரையில் நிற்க வேண்டும். தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் ஏரியே ஆவி விடும், அக்கரை தெரியாது. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் அதைக் குடித்துவிடும். கிருஷ்ணகிரி அணையில் பெண்ணையாற்றின் மேல் மூடுபனி நிற்கும் நாட்களும் உண்டு. தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை பக்கம்.

வண்டி ஓட்டிப் போகிறவர்கள் மூடுபனியில் பெரிய விளக்கைப் போடாதீர்கள், எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி ஆகிவிடும். தாழ்ந்த விளக்கு, மெதுவான ஓட்டம். தொப்பூர்க் கணவாயில் விடியலில் அவசரமே கூடாது. ஏரியில் இறங்குவதாக இருந்தால் கரையில் வலை காய வைக்கும் மீன்காரரிடம் ஆழம் கேளுங்கள். வண்டல் எங்கே, மண் அள்ளிய பள்ளம் எங்கே என்று அவர் விரலை நீட்டிக் காட்டுவார். ஃபிளாஸ்க்கில் கூடுதலாக ஒரு டம்ளர் டீ எடுத்துப்போங்கள், அந்நேரத்துக்கு அவருக்கும் குளிரும்.